பனி அள்ளுகிறவர் பனி பார்க்கப் போன கதை

1

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தைந்து டொலர் நாற்பது சதம். சிவநேசண்ணை எனக்குத் தரவேண்டியிருந்த காசு அது. இந்தக் கதை அதிலிருந்துதான் பிறந்தது. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நாற்பது சதம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கையில் எண்ணிக் கொடுத்த காசு என்றால் சதம் இருக்காது. இது விமான டிக்கட்டின் விலை. மொன்றியலில் இருந்து வன்கூவர், அங்கிருந்து தாய்வான். சிவநேசண்ணையிடம் கடனட்டை கிடையாது. என்னுடையதில் போட்டோம்.

தாய்வான் வெப்பமான தீவு. வாழை குலை போடும், பாக்கு மரம் வளரும் தீவு. ஆனால் அதன் நடுவில் பெரிய மலைகள் இருக்கின்றன. குளிர்காலத்தில் சில நாட்களுக்கு மட்டும் அவற்றின் உச்சியில் பனி விழும். விழுந்தது என்று செய்தி வந்தால் போதும், சனம் வேலையைப் போட்டது போட்டபடி காரை எடுத்துக்கொண்டு மலையேறும். இருபத்தேழு குளிர்காலம் மொன்றியலில் பனி அள்ளிய ஒரு மனிதரை அந்த மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பனி காட்ட.

அவர் இதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். சிரிக்கிற இடம் அது இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

முதலாவது: "வெண்பட்டுப் போர்த்திய மலைகள் வானத்தைத் தொட்டுக்கொண்டு…" இதை விட்டுவிட்டேன். பனியை வெண்பட்டு என்று எழுதுகிறவன் அதை ஒருநாளும் அள்ளியிருக்கமாட்டான். ஈரப்பனியைச் சவலில், அந்தப் பனி வாரியில், ஒருதரம் நிறைய எடுத்தால் அரிசி மூட்டையில் கால்வாசிப் பாரம் இருக்கும். பட்டு அப்படிப் பாரிக்காது.

இரண்டாவது: "விமானத்தை விட்டு இறங்கியதும் சிவநேசத்தின் கோட்டுக்குள் வியர்வை…" இது பரவாயில்லை. ஆனால் ஆள் யார் என்று தெரியாமல் அவருடைய வியர்வை உங்களுக்கு எதற்கு?

பிரஷாந்தினியும் அதைத்தான் சொன்னாள். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறவள் அவள். கடைசி வாங்கில் உட்கார்ந்து நானும் அவளிடம்தான் எழுத்துப் படித்தேன். அப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. [இதைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன். இது என் கதை இல்லை.]

"அங்கிள், முதல்ல ஆளைக் காட்டுங்கோ. காலநிலையைப் பேந்து பாப்பம்."

ஆகவே மூன்றாவது தொடக்கம்.

சிவநேசண்ணைக்கு அடர்த்தியான மீசை. பனி வேலை செய்கிறவர்கள் மீசை வைப்பது குறைவு. மூச்சுக்காற்று அதில் உறைந்து ஊசி ஊசியாகத் தொங்கும். மனைவியின் பெயர் யோசெப்பின். அவ இறந்து பல வருடம். மீசை அவவுக்குப் பிடித்திருந்ததாம், அதனால் எடுக்கவில்லை. இந்த நகரத்தில் பழைய வீடுகளுக்குப் படி வெளியில்தான், இரும்பில் வளைந்து வளைந்து ஏறும். பனி பெய்தால் அந்தப் படிகளைத் துப்புரவாக்கி உப்புப் போடுவது எங்கள் வேலை. கோடையில் இரண்டு பேரும் புவாண்ட்-கிளேர் என்ற புறநகரில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றுகிறோம்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. இந்தக் கியூபெக் மாகாணத்தில் மேலே பனியோடு கார் ஓட்டினால் பொலிஸ் தண்டம் எழுதும். ஓடும்போது அந்தப் பனி பெயர்ந்து பின்னால் வருகிறவனுடைய கண்ணாடியில் போய் விழும். சிவநேசண்ணைக்குத் தண்டத்தை விட அந்தப் பின்னால் வருகிறவனைப் பற்றித்தான் கவலை. தெருவில் பனியோடு ஒரு கார் நின்றால், அது யாருடையது என்று பார்க்கமாட்டார். கூரையையும் முன்பக்கத்தையும் கையால் வழித்துவிட்டுத்தான் அப்பால் போவார். ஒருமுறை ஒரு வெள்ளைக்காரி கள்ளன் என்று நினைத்துக் கத்தினாள். "மெர்சி சொல்ல வேண்டியவள் கத்துறாள்," என்று சொல்லிக்கொண்டு பின் விளக்கையும் துடைத்துவிட்டு வந்தார்.

ஆள் இப்படி. இனி மகள்.

3

ஷெரோன் ஒரே பிள்ளை. தாய் இல்லாமல் தகப்பன் வளர்த்தது. படித்து முடித்துத் தாய்வானுக்குப் பிரெஞ்சு படிப்பிக்கப் போனாள். அங்கே வெய் என்று ஒரு பொடியனை விரும்பினாள். மூன்று வருடத்துக்கு முன் தை மாதம் கலியாணம். சிவநேசண்ணை போகவில்லை. அவர் போனில் காரணம் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன்.

"மகள், இது ஸ்னோ சீசன். நான் அங்கை வந்து நிண்டால் இஞ்ச ஆர் அள்ளுறது?"

அந்தக் கிழமை மொன்றியலில் மழை. தை மாதத்தில் சில வருடம் இப்படி நடக்கும். குளிர் திடீரென்று விட்டுப்போய் எல்லாம் உருகி ஓடும். நாங்கள் வேலையில்லாமல் எங்கள் வான் வண்டிக்குள் இருந்து சீட்டு விளையாடினோம். கலியாணத்தன்று சிவநேசண்ணை நன்றாக விளையாடி வென்றார்.

மருமகன் வேறு நாட்டுக்காரன் என்பது பிடிக்கவில்லையா, தன்னைக் கேட்காமல் முடிவெடுத்தாள் என்பதா, அங்கே போய் மொழி தெரியாமல் நிற்கப் பயமா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். [ஒரு பாத்திரத்துக்குக் காரணம் ஒன்று இருக்கவேண்டும் என்று பிரஷாந்தினி சொல்கிறாள். மனிதர்களுக்கு அப்படி இல்லை என்று நான் சொன்னேன். அவள் பேனையை மூடிவிட்டாள்.]

மொன்றியல் காலநிலையைத் தாய்வானில் இருந்தும் போனில் பார்க்கலாம் என்பது அவருக்கு அன்று தோன்றவில்லை. ஷெரோன் பார்த்திருப்பாள். அதற்குப் பிறகு அவள் கூப்பிடுவது நின்றுபோனது. ஆங்கில வருடப் பிறப்புக்கு ஒரு வாழ்த்துச் செய்தி மட்டும் வரும்.

இந்த வருடம் அந்தச் செய்தியில் இன்னொரு வரியும் இருந்தது. வெய்யின் தகப்பனுக்கு இருதய வருத்தம், சம்பந்தியை ஒருதரம் பார்க்க ஆசைப்படுகிறார் என்று. மறுநாள் படியொன்றில் உப்புத் தூவிக்கொண்டு நிற்கும்போது சிவநேசண்ணை கேட்டார்.

"நடராசா, உன்ர கிரெடிட் காட்டிலை ஒரு டிக்கட் போடலாமோ?"

"எங்கை அண்ணை?"

"தாய்வானுக்கு."

"இப்பவோ? ஸ்னோ சீசன் அண்ணை." பகிடிக்குத்தான் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "பிள்ளையிட்டை ஒரு வசனம் சொல்ல வேணும்."

"என்ன வசனம்?"

"அண்டைக்கு மழை எண்டு."

அவ்வளவுதான். அந்த ஒரு வசனத்தைச் சொல்லத்தான் மனிதன் உலகத்தின் மற்றப் பக்கத்துக்குப் போனார். இந்தக் கதையில் நீங்கள் கவனிக்க வேண்டியது இது ஒன்றுதான். சொன்னாரா, இல்லையா.

4

அவர் திரும்பி வந்து மாசி மாதம் எனக்குச் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். நான் தாய்வானுக்குப் போனதில்லை. ஆகவே பிழை இருந்தால் பாதி அவருடையது.

போய் இறங்கின அன்று நல்ல வெயில். மொன்றியலில் ஆனி மாதத்து வெயில். சந்திக்குச் சந்தி எங்கள் தெப்பனேர் மாதிரிச் சின்னக் கடை, உள்ளே தேயிலை போட்டு அவித்த முட்டை. வீட்டில் ஹீட்டர் இல்லை. பிறகு குளிர் கொஞ்சம் கூடியபோது வீட்டிலுள்ள எல்லோரும் உள்ளேயும் கோட்டுப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். சிவநேசண்ணை மட்டும் பெனியனோடு.

"சம்பந்தி என்னைத் தொட்டுத் தொட்டுப் பாக்கிறார், நடராசா. செத்துப் போனனோ எண்டு பாக்கிற மாதிரி."

வெய்க்குத் தமிழில் ஒரு சொல்தான் தெரியும். அப்பா. அதை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினான். சாப்பிட வாருங்கள் என்பதற்கும் அப்பா, இது குளியலறை என்பதற்கும் அப்பா, சீட்பெல்டைப் போடுங்கள் என்பதற்கும் அப்பா.

ஷெரோன் குறை ஒன்றும் வைக்கவில்லை. அதுதான் அவருக்குப் பிரச்சினையாக இருந்தது. எந்தத் துவாய் அவருக்கு, எந்தச் செருப்பு அறைக்குள், எது கழிவறைக்கு என்று எல்லாம் சொல்லித் தந்தாள். விடுதியில் வந்து நிற்கிறவருக்குச் சொல்கிற மாதிரி. கலியாணப் படம் கூடத்துச் சுவரில் தொங்கியது. அவர் அதைப் பார்த்தபோது அவள் பேச்சை மாற்றினாள்.

"வசனம் வாய் வரைக்கும் வரும். அந்த நேரம் பாத்து மருமோன் ஒரு தட்டு கொய்யாப்பழத்தோட வந்திடுவான். அப்பா எண்டுவான். நானும் ஒரு துண்டு எடுத்து வாயில போட்டிடுவன்."

ஒரு கிழமை கொய்யாப்பழத்தில் போனது.

பிறகு ஒரு நாள் காலை வெய் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். மலையில் பனி விழுந்திருக்கிறதாம். வீடே எழும்பியது. சம்பந்தி அலுமாரியைத் திறந்து கையுறை, கம்பளித் தொப்பி, கையைச் சூடாக்குகிற சின்னப் பொதிகள், மூச்சு முட்டினால் பிடிக்க ஒரு சிறிய ஒட்சிசன் தகரம் எல்லாம் எடுத்து வைத்தார். ஷெரோன் சொன்னாள்:

"அப்பா, உங்களுக்கு ஸ்னோ காட்டவேணும் எண்டு நிக்கினம். வேண்டாம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ."

சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சின்ன வளைவு இருந்ததாம். அது சிரிப்பா, குத்தா என்று அவருக்குப் பிடிபடவில்லை. பனியைக் காரணம் சொல்லிக் கலியாணத்துக்கு வராத மனிதனுக்குப் பனி காட்டுகிறார்கள். பிள்ளை தெரிந்துதான் செய்கிறாளா?

"வாறன்," என்றார்.

5

இனி மலை. இந்தப் பகுதியை நான் நாலு தரம் எழுதினேன்.

பாக்கு மரங்களுக்கு நடுவில் பாதை தொடங்கியது. யன்னல் திறந்திருந்தது. பிறகு வாழை, பிறகு தேயிலைத் தோட்டம். தேயிலை முடிகிற இடத்தில் ஒரு சின்ன ஊர். சம்பந்தி அங்கே இறங்கிக்கொண்டார். அதற்கு மேல் உயரம் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் கதிரை போட்டு அமர்ந்து, வெய்யிடம் என்னவோ சொன்னார். ஷெரோன் மொழிபெயர்த்தாள்: "வரேக்க எனக்கும் கொஞ்சம் கொண்டு வாங்கோ எண்டுறார்."

[அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. பனி பார்க்கப் போகிறவர்கள் காரின் முன்பக்கத்தில், எஞ்சின் மூடிக்கு மேல், ஒரு பனிமனிதனைச் செய்து வைத்து அப்படியே கீழே ஓட்டி வருவார்கள். வர வர அது உருகிக்கொண்டே வரும். சமவெளியில் உள்ளவர்கள் நின்று கை காட்டுவார்கள். சிவநேசண்ணை புளுகுகிறார் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பிரஷாந்தினி தன் போனில் படங்கள் எடுத்துக் காட்டினாள். உண்மைதான். ஆனால் அன்றைக்கு இந்த வழக்கம் சிவநேசண்ணைக்குத் தெரியாது. மேலே போகும்போது எதிரே வந்த கார்களில் எல்லாம் பாதி உருகிய குவியல். அவர் பார்த்தது, துடைக்காமல் ஓட்டுகிற சாரதிகளைத்தான். ஒவ்வொரு கார் போகும்போதும் உச்சுக் கொட்டினாராம்.]

தேயிலைக்கு மேலே ஊசியிலை மரங்கள். பொலிஸ்காரன் மறித்துச் சில்லுக்கு வழுக்காமல் கட்டுகிற சங்கிலி இருக்கிறதா என்று பார்த்தான். பிறகு மரமும் நின்றுபோய், மலை முழுக்க இடுப்பளவு காய்ந்த மூங்கிற்புல். அதற்கு மேல் பனி.

"பனி எண்டால் என்ன பனி? மூண்டு விரல் கனம். சீனி தூவின மாதிரி. இதுக்கு நாங்கள் வானை எடுக்கமாட்டம், நடராசா."

ஆனால் சனம். கிழவர்கள் அதில் கை வைத்துப் பார்த்தார்கள். ஒரு ஆள் வாயில் போட்டுச் சுவைத்தான். சப்பாத்து வழுக்கி விழுகிறவர்கள் எழும்பாமல் படுத்திருந்து சிரித்தார்கள். சிவநேசண்ணை படிக்கட்டொன்றின் அடியில் நின்றுகொண்டு, ஏறுகிற எல்லோருக்கும் கைபிடியைப் பிடிக்கச் சொல்லித் தமிழில் கத்தினார். அவர்களும் பிடித்தார்கள்.

[இந்த இடத்தில் வெள்ளைக் கவுண் போட்ட மணப்பெண் ஒருத்தி படம் எடுத்துக்கொண்டு நின்றதாக எழுதியிருந்தேன். அவர் சொல்லவில்லை. நானாகப் போட்டது. வெட்டிவிட்டேன்.]

அப்போது ஒரு பனி உருண்டை அவருடைய முதுகில் பட்டு உடைந்தது. திரும்பினார். ஷெரோன். கையில் அடுத்தது தயாராக இருந்தது.

"இத்தனை வருசம் ஸ்னோவுக்குள்ள நிண்டிருக்கிறன். ஒருத்தரும் எனக்கு எறிஞ்சதில்லை," என்றார் என்னிடம்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். கொய்யாப்பழத் தட்டும் இல்லை. ஆனால் உயரத்தில் மூச்சு வாங்கியது. அதோடு சிறுநீர் முட்டியது. கழிவறைக்கு நீண்ட வரிசை. திரும்பி வந்து ஆறுதலாகச் சொல்லுவோம் என்று போனார்.

திரும்பி வந்தபோது காரடியில் இரண்டு பேரும் இல்லை. சூடாகக் குடிக்க ஏதோ வாங்கப் போயிருக்க வேண்டும். காரின் கூரையில் பனி சிதறிக் கிடந்தது. முன்பக்கத்தில் பெரிய குவியல். இவர் பின்பக்கமாக வந்தவர். கண்ணாடிக்கு மேலால் பார்த்தபோது அது வெறும் குவியலாகத்தான் தெரிந்தது.

மருமகனுக்குப் பனியில் கார் ஓட்டிப் பழக்கமில்லை என்று நினைத்தார். பாவம், பொடியன். ஒரு கிழமையாக அந்த வீட்டில் ஒரு கோப்பை கழுவக்கூட அவரை விடவில்லை. கடைசியில் அவருக்குத் தெரிந்த வேலை ஒன்று வந்தது. ஒரு பழப்பெட்டியின் அட்டையைக் கிழித்து எடுத்தார். முறைப்படி மேலிருந்து கீழே: கூரை, கண்ணாடி, பிறகு முன்பக்கம். குவியலைத் தோளால் முட்டி ஒரே தள்ளில் நிலத்தில் விழுத்தினார். இரண்டு கறுத்தக் கல்லும் கொஞ்சம் காய்ந்த புல்லும் மூடியில் ஒட்டிக்கொண்டு இருந்தன. அவற்றையும் வழித்தார். விளக்குகள். இலக்கத்தகடு. வேலை முடிந்தபோது கார் விற்பனைக்கு நிற்கிற மாதிரி இருந்தது.

[அந்தப் புல் எதற்கு என்று பிரஷாந்தினி கேட்டாள். தெரியாது, அவர் சொன்னார், எழுதினேன் என்றேன். தேவையில்லாததை வெட்டுங்கோ அங்கிள் என்றாள். வெட்டப் பஞ்சியாக இருந்தது. விட்டுவிட்டேன்.]

ஷெரோனும் வெய்யும் மூன்று கோப்பையோடு வந்தார்கள். வெய் "அப்பா" என்றான். இந்த முறை அது எதற்கு என்று தெரியவில்லை. ஷெரோன் காரைப் பார்த்தாள். நிலத்தில் கிடந்ததைப் பார்த்தாள். பிறகு தகப்பனிடம் ஒரு வசனம் சொன்னாள்.

6

அது என்ன வசனம் என்று சிவநேசண்ணை எனக்குச் சொல்லவில்லை.

அந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு வானை விட்டு இறங்கி உப்பு மூட்டையைத் தூக்கினார். அதற்குப் பிறகு எத்தனை தரம் கேட்டும் "வந்திட்டன்தானே, விடு" என்பார்.

ஒன்று மட்டும் கிடைத்தது. அன்று அங்கே வெயில் ஏறிவிட்டதாம். மூன்று விரல் கனம். நிலத்தில் விழுந்தது சேறோடு கலந்துவிட்டது. கீழே சம்பந்தி கதிரையில் காத்திருக்கிறார்.

7

ஆகவே முடிவை நானே எழுத வேண்டி வந்தது.

முடிவு அ: ஷெரோன் வாய்விட்டுச் சிரிக்கிறாள். மூன்று பேருமாக ஒரு பள்ளத்து நிழலில் மிஞ்சியிருந்த பனியைச் சுரண்டி, இன்னொரு பனிமனிதனைச் செய்கிறார்கள். சிவநேசண்ணை, வேலை தெரிந்தவர், அதை இறுக்கி அடிக்கிறார். கீழே போகும்வரை கரையவில்லை. சம்பந்தி கைதட்டுகிறார். வரும் வழியில் அண்டைக்கு மழை என்கிறார். தெரியும் அப்பா என்கிறாள் மகள்.

பிரஷாந்தினிக்கு இது பிடித்தது. எனக்கு நம்பிக்கை இல்லை. மகளை ஒரு வார்த்தையில் இப்படிச் சமாளிக்கத் தெரிந்த மனிதன் கலியாணத்துக்கே போயிருப்பான்.

முடிவு ஆ: கார் இறங்குகிறது. முன்னாலும் பின்னாலும் எல்லாக் காரிலும் பனிமனிதர்கள். கழுத்துத்துண்டு கட்டியது, தொப்பி வைத்தது. இவர்களுடைய கார் மட்டும் மினுங்குகிறது. ஷெரோன் யன்னலைப் பார்த்துக்கொண்டு சொல்கிறாள்: "என்ர கலியாணத்துக்கு இருந்த ஸ்னோவையும் இப்பிடித்தான் அள்ளினீங்களோ?" அவருக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியும் என்று. தேத்தண்ணிக் கடை வாசலில் சம்பந்தி போனைத் தூக்கிப் பிடித்தபடி எழும்பி நிற்கிறார், படம் எடுக்க. சிவநேசம் பின்சீட்டில் அழுகிறார். வசனத்தைச் சொல்லாமலே திரும்பி வருகிறார்.

இது கதையாக நன்றாக இருக்கிறது. அதனாலேயே எனக்கு இதில் சந்தேகம்.

முடிவு இ: வெய்தான் முதலில் கோப்பையைக் கீழே வைத்தான். பிறகு ஷெரோன் குனிந்து அந்தக் கறுத்தக் கல்லை எடுத்து, தகப்பனுடைய

இது அதற்கு மேல் போகவில்லை.

8

பங்குனி மாதம், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் வேலை. மொன்றியல் தீவு முடிகிற முனை அது. ஆற்றங்கரையில் வானை நிறுத்திச் சோற்றுப் பெட்டியைத் திறந்தோம். எழுதினதை வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். "வாசி," என்றார். முடிவு ஆவையும் வாசித்தேன். அவர் மீன்முள்ளை எடுத்துப் பெட்டி மூடியில் வரிசையாக வைத்துக்கொண்டே கேட்டார்.

"நான் அழுதனான் எண்டு போட்டிருக்கிறாய்."

"ஓம் அண்ணை."

"ஆர் உனக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. கதைக்குத் தேவைப்பட்டுது."

"கதைக்குத் தேவையெண்டால் நீ அழு. என்னை ஏன் இழுக்கிறாய்?"

"அப்ப என்ன நடந்ததெண்டு சொல்லுங்கோவன்."

"சோத்தைச் சாப்பிடு."

நான் விட்டிருக்க வேண்டும். ஆனால் வருடக்கணக்காகப் படி துப்புரவாக்கிய எனக்கு ஒரு படி மிச்சம் நின்றால் பொறுக்காது. சொன்னேன்:

"அண்ணை, அந்த டிக்கட் காசை நீங்கள் தரவேண்டாம். மலையால இறங்கினாப் பிறகு நடந்ததை மட்டும் சொல்லுங்கோ. கணக்குச் சரி."

அவர் பெட்டியை மூடினார்.

"ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தைஞ்சுக்கோ?"

"நாப்பது சதமும் இருக்கு," என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"இவ்வளவும் சொன்னது நீ என்ர ஆள் எண்டு. மிச்சத்தை நீ விலைக்குக் கேக்கிறாய். என்ர பிள்ளை எனக்குச் சொன்னதை நான் விக்கேல்லை, நடராசா."

அன்று தொட்டு இரண்டு மூன்று கிழமை அவர் என்னோடு பேசியது வேலைச் சொற்கள் மட்டும். உப்பு. கயிறு. மற்றப் படி.

[கடனைக் கதையாக மாற்றலாம் என்று நான் நினைத்திருந்தேன். அது எழுதுகிறவனுடைய கணக்கு. அவருடைய கணக்கு வேறு. இதை முதல் பகுதியிலேயே திருத்தி எழுதியிருக்கலாம். திருத்தவில்லை.]

9

சித்திரையில் பனி முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை பெய்துகொண்டிருக்கும்போது, என் போனுக்கு வங்கிச் செய்தி ஒன்று வந்தது. எனக்குக் காசு அனுப்பப்பட்டிருக்கிறது. ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தைந்து டொலர் நாற்பது சதம். அனுப்பியவர் பெயர் ஷெரோன்.

இங்கே போனிலோ மின்னஞ்சலிலோ காசு அனுப்புகிறவர்கள் ஒரு கேள்வியும் வைப்பார்கள். சரியான விடையை அடித்தால்தான் காசு கணக்கில் விழும். ஷெரோன் ஆங்கிலத்தில் வைத்திருந்த கேள்வி இது: மலையில், காருக்கு மேல் இருந்தது யார்?

எழுத்துக்கூட்டி இரண்டு தரம் வாசித்தேன். பனி என்று ஆங்கிலத்தில் அடித்தேன். பிழை என்றது. பனிமனிதன் என்று அடித்தேன். அதுவும் பிழை. இன்னும் ஒரு தரம்தான் இருக்கிறது, அதுவும் பிழைத்தால் காசு திரும்பிப் போய்விடும் என்று எழுதிக் காட்டியது.

சிவநேசண்ணையை அழைத்தேன்.

"அண்ணை, ஷெரோனிட்டை இருந்து காசு வந்திருக்கு."

"தெரியும்."

"நீங்கள் கேட்டனீங்களோ?"

"நான் ஏன் கேக்கிறன்? டிக்கட் ஆர் போட்டது எண்டு கேட்டாள். உன்ர பேரையும் நம்பரையும் சொன்னன். தொகையையும் கேட்டாள், சொன்னன்."

"ஒரு கேள்வி கேக்குது, அண்ணை. ரெண்டு தரம் பிழைச்சுப் போட்டன்."

"என்னெண்டு அடிச்சனி?"

"ஸ்னோ எண்டு. பேந்து ஸ்னோமான் எண்டு."

"அது ரெண்டும் இல்லை."

"அப்ப என்ன?"

அவருடைய வீட்டில் தேத்தண்ணிக் கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது. அதை நிறுத்தப் போனார், திரும்பி வந்தார்.

"உனக்குச் சொல்லிவிடச் சொல்லித்தான் அவள் சொன்னவள். நான்தான் சொல்லேல்லை."

"பரவாயில்லை, அண்ணை. சொல்லாதேங்கோ. காசு திரும்பிப் போனால் போகட்டும்."

"விசர்க்கதை கதையாதை. பிள்ளை அனுப்பின காசு." மூச்சு விட்டார். "அப்பா."

"என்ன அண்ணை?"

"அப்பா எண்டு அடி. இங்கிலிஷில. கண்ணுக்குக் கல்லு வைச்சு, புல்லால மீசையும் வைச்சவையாம். சம்பந்திக்குக் கொண்டுபோய்க் காட்ட. வேலை முடிய அவள் வந்து எனக்குச் சொன்னது அதுதான். அப்பா, அது நீங்கள் எண்டு."

அடித்தேன். பச்சை அடையாளம் வந்தது.

"விழுந்திட்டுதோ?"

"விழுந்திட்டுது, அண்ணை. சதத்தோட."

"அப்ப சரி."

"அண்ணை, நீங்கள் சொல்லப் போனது? மழை எண்டு சொன்னியளோ?"

போனை வைக்கவில்லை. எங்கள் இரண்டு வீட்டிலும் பெய்கிற மழை போனுக்குள் கேட்டது.

"நாளைக்குக் கிடங்கு துறக்கிறாங்கள். பிந்தாமல் வந்து நில்லு," என்றார். வைத்துவிட்டார்.

10

முடிவு அ, ஆ, இ மூன்றையும் கோடு போட்டு அடித்துவிட்டேன். புல்லை வெட்டாமல் விட்டது நல்லதாய்ப் போனது.

அது நீங்கள் என்று ஷெரோன் என்ன குரலில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. தகப்பனுடைய கடனை மகள் கட்டுவது அவர் தன்னுடையவர் என்பதாலும் இருக்கலாம், இனி ஒரு தொடர்பும் மிச்சம் வேண்டாம் என்பதாலும் இருக்கலாம். அவள் வைத்த கேள்வியைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். எனக்கு ஒரு எண்ணம் உண்டு. அதை எழுதமாட்டேன். அந்த வீட்டுக் கொய்யாப்பழத்தில் எனக்குப் பங்கு இல்லை.

கார் மலையால் இறங்கிக்கொண்டிருக்கிறது. கல்லும் புல்லும் மேலே கிடக்கின்றன. உள்ளே மூன்று பேர், ஆறிப்போகிற மூன்று கோப்பை. தேயிலைத் தோட்டம் வந்துவிட்டது. கடை வாசலில் ஒரு மனிதர் கதிரையை விட்டு எழும்புகிறார். உள்ளே இருக்கிறவர்களில் யார் முதலில் வாய் திறப்பது என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை கிடங்குக்குப் போனேன். சிவநேசண்ணை எனக்கு முன்னரே வந்து நின்றார். இரண்டு பேருமாகப் பெட்டி ஏற்றினோம். அவர் எனக்கு இனி ஒன்றும் தரவேண்டியதில்லை.